தரகரம்மா தனக்கே பாத்துக்கிட்ட மாப்பிள்ளை

என் பொண்ணு வால்-ஈ படத்த எத்தனாவது தடவையா பாக்குறான்னு கணக்கே விட்டுப் போச்சு. 2008ல வந்த படம். குப்பை அள்ளுற அந்தக் குட்டி ரோபோ வேலை முடிஞ்சு தன் கொட்டகைக்குள்ள வந்து ஒரு பழைய வீடியோ கேசட்டைப் போட்டு உக்காந்துக்கும், அதுல தொப்பியும் கோட்டுமா கொஞ்சம் பேர் ஆடுவாங்க, இதுவும் ஒரு வட்டத் தகட்டை எடுத்து தொப்பி மாதிரி புடிச்சுக்கிட்டு ஆடும், அப்புறம் அதே கேசட்ல ஒரு பையனும் பொண்ணும் கை கோத்துக்கிற எடம் வரும்போது தன் ரெண்டு கையையும் தானே கோத்துப் பாத்துக்கும். அந்த எடத்துல நான் வேற பக்கம் திரும்பிக்குவேன், கண்ணு கலங்குறத பொண்ணு பாத்துட்டா ஒரு வாரத்துக்கு ஓட்டுவா. போன மாசம் திடீர்னு கேட்டா, "அம்மா, அந்த கேசட்ல ஆடுறவங்க நெஜ ஆளுங்களா, இல்ல அதுவும் கார்ட்டூனா?"

நெஜ ஆளுங்கதான்டி, அது ஹலோ டாலின்னு 1969ல வந்த படம்னு ரொம்ப விவரமா சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் தான் உறைச்சுது, நானே அந்தப் படத்த பாத்ததில்லங்கறது. அப்ப பாத்துடுவோம்னு ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி உக்காந்தோம், நான், பொண்ணு, வீட்டுக்காரர், எங்கம்மா. வீட்டுக்காரர் முதல் பாட்டு முடியிறதுக்குள்ள கொறட்டை. பொண்ணு அந்தத் தொப்பிப் பாட்டு வர்ற வரைக்கும் முழிச்சிருந்துட்டு, வந்ததும் ஆடித் தீத்துட்டு, அப்படியே சோஃபால சாஞ்சுட்டா. கடைசில நானும் அம்மாவும் தான் மிச்சம்.

அம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். அப்பா போனதுல இருந்து எங்களோட தான் இருக்காங்க. ராத்திரி பத்தடிச்சா எந்திரிச்சுப் போய் வாசக்கதவு தாப்பா, பின்கதவு, கேஸ் மூணையும் ஒரு ரவுண்டு பாத்துட்டு தான் படுப்பாங்க, நான் பூட்டிட்டேம்மான்னு சொன்னாலும் நம்ப மாட்டாங்க. இங்கிலீஷ் தெரியாது, சப்டைட்டிலும் வேண்டாம்பாங்க, கீழ படிச்சா மேல என்ன நடக்குதுன்னு தெரியலையாம். அதனால அவங்க பாக்குற படமே வேற, மூஞ்சியையும் கையையும் வெச்சு கதைய அவங்களே கட்டிக்குவாங்க, பாதி நேரம் என்னைவிட கரெக்டா இருக்கும்.

கதை இதுதான். 1890, நியூயார்க். டாலி லீவைன்னு ஒரு விதவை, கல்யாணத் தரகு தான் தொழில், ஆனா அது மட்டும் இல்ல, கைப்பைல கார்டு கார்டா வெச்சிருப்பா, மாண்டலின் கத்துக் குடுக்கணுமா ஒரு கார்டு, கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டதா அதுக்கும் ஒரு கார்டு, கேக்குறவனுக்கு என்ன வேணுமோ அந்தக் கார்ட எடுத்து நீட்டிடுவா. பக்கத்துல யாங்கர்ஸ்ங்கற ஊர்ல ஹொரேஸ் வேண்டர்கெல்டர்னு ஒரு வியாபாரி, வைக்கோல், தீவனம் விக்கிற கடை, பொண்டாட்டி செத்துப் போய் தனியா இருக்கார், அரை மில்லியனுக்கு அதிபதின்னு ஒரே பெருமை. அவருக்கு ரெண்டாங்கல்யாணத்துக்கு பொண்ணு பாக்குற வேலை தான் டாலிக்கு. ஐரீன் மல்லாய்னு தொப்பிக் கடை வெச்சிருக்கிற ஒரு இளம் விதவைய இவளே தான் பேசியும் விட்டிருக்கா. இப்ப அத இவளே கலைக்கணும். ஏன்னா டாலி மனசுல அந்த ஆளுக்கு யார கட்டி வெக்கணும்னு ஏற்கனவே முடிவாயிடுச்சு. தனக்குத் தான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு சொல்லுவோமே, இந்தம்மா அந்த ஆயிரத்தையும் தன் கல்யாணத்துக்கே செலவு பண்ணிடுது. ஐரீனோட தொப்பிக் கடைக்கு, வேண்டர்கெல்டர் கடைல வேலை பாக்குற ரெண்டு பசங்களையே அனுப்பி வெக்கிறா. கார்னீலியஸ்னு ஒருத்தன், 28 முக்கால் வயசாம், முக்காலையும் சேத்து தான் சொல்லுவான், இன்னொருத்தன் பார்னபி. ஒரு பொண்ணுக்கு முத்தம் குடுக்காம ஊர் திரும்பறதில்லைன்னு சபதம் போட்டுட்டு கடையப் பூட்டிட்டு வந்த கூட்டம். இவனுங்க போன நேரம் பாத்து முதலாளியும் அங்கேயே பொண்ணு பாக்க வர்றார், ஒருத்தன் அலமாரிக்குள்ள, ஒருத்தன் மேசைக்கடியில. மாப்பிள்ளை கைல என்ன பரிசு தெரியுமா, சாக்லேட் தடவின வேர்க்கடலை, தோலோட, அதுலயும் அது தான் ஒசத்தி ரகம்னு பெருமை வேற. இந்த ஆளுக்கு எப்படி அரை மில்லியன் சேந்துச்சுன்னு எனக்கு அங்கேயே புரிஞ்சு போச்சு.

ஐரீன் சம்பந்தம் முறிஞ்சதும் டாலி அடுத்த பொய்ய எடுக்குறா, எர்னஸ்டீனான்னு ஒரு பணக்காரப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கான்னு. அப்படி ஒரு பொண்ணே கிடையாது. தெரிஞ்ச நாடக நடிகை ஒருத்திய வேஷம் கட்டி ஹார்மோனியா கார்டன்ஸ்ங்கற பெரிய ரெஸ்டாரண்டுக்கு வரவெச்சு, அவரு அத பாத்து அரண்டு, கடைசில "சே, இதுக்கு டாலியே தேவலாம்"னு அவரே நெனைக்கிற எடத்துக்கு கொண்டு வந்து நிறுத்துறது தான் பிளான்.

அந்த ரெஸ்டாரண்ட் சாப்பாட்டு சீன் இருக்கே, அத மட்டும் நான் இப்போ மூணு தடவை பாத்துட்டேன். டாலி கறிய வெட்டுறா, பீட்ரூட்ட அள்ளி அவர் தட்டுல வெக்கிறா, வேண்டாம்னாலும் இன்னும் ஒரு கரண்டி, நடுநடுவுல "நீங்க என்ன கெஞ்சினாலும் நான் உங்கள கட்டிக்க மாட்டேன் ஹொரேஸ்"ங்கறா. அவரு நான் கேக்கவே இல்லையேன்னு கத்துறார். அதையும் காதுல வாங்காம அடுத்த துண்ட வெட்டுறா. சண்டை போட்டுக்கிட்டே ஒரு பொம்பள ஒருத்தனுக்கு தட்டு நெறைய பரிமாறிட்டிருக்கா, அவனும் திட்டிக்கிட்டே சாப்டுட்டிருக்கான், இதுக்கு மேல கல்யாணம்னு தனியா ஒண்ணு எதுக்கு? அம்மா ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியாம பாத்துட்டு சொன்னாங்க, "இவ தான் அவன கட்டிக்கப் போறா. அவன் தட்டப் பாத்தியா, அவனுக்குப் புடிச்சது எதுன்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஆனா அதே அம்மா தான் இன்னொண்ணும் கேட்டாங்க. "ஏன்டி, இந்தப் பொண்ணுக்கு என்ன வயசு? இவளுக்கா புருஷன் செத்து வருஷக்கணக்கா ஆச்சு?"

அங்க தான் எனக்கும் உறுத்தல். டாலியா நடிச்சது பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், ஷூட்டிங் நடந்த 1968ல அவங்களுக்கு 26 வயசு. ஜோடி வால்டர் மாத்தாவுக்கு 47. ரெண்டு பேருக்கும் செட்ல ஆகவே ஆகாதுங்கறது அப்பவே ஊரறிஞ்ச கதை. இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. 1964ல பிராட்வேல, அதாவது நியூயார்க் நாடக மேடைல, இது பாட்டு நாடகமா ஓடினப்போ டாலி கேரல் சானிங், அந்த வருஷம் நாடகத்துக்குக் குடுக்குற டோனி விருதுக்கு போட்டி போட்டு தோத்தவங்கள்ல ஸ்ட்ரைசாண்டும் ஒருத்தர். படமா எடுக்கும்போது பாத்தா விருது வாங்கினவங்கள விட்டுட்டு தோத்தவங்களுக்கு ரோல் போயிடுச்சு. ஸ்ட்ரைசாண்ட் பாடுறதப் பத்தி ஒரு குறை சொல்ல முடியாது, அந்தக் குரலுக்கு திரையே பத்தல. காமெடியும் வருது, வாய் ஓயாம பேசுற அந்த வேகம் இருக்கே, அப்பப்பா. ஆனா டாலிக்கு நேரம் கம்மி, இத விட்டா இன்னொரு வாய்ப்பு கெடைக்காதுங்கற அவசரம் அந்த மூஞ்சில எப்படி வரும்? 26 வயசுல யாருக்குத் தான் அது வரும்?

படமும் அவ்ளோ பெருசு. ஜீன் கெல்லி டைரக்‌ஷன், செலவு சுமார் 25 மில்லியன் டாலர், 1969ல அது பயங்கரமான காசு. நியூயார்க் தெருவையே ஃபாக்ஸ் ஸ்டுடியோ வளாகத்துக்குள்ள கட்டியிருக்காங்க, ஸ்டுடியோவோட ஆபீஸ் கட்டடங்களுக்கே பழைய காலத்து முகப்ப ஒட்டி. ஊர்வல சீன்ல ஆயிரக்கணக்குல ஜனம், குதிரை, பேண்டு. ஜாஸ் பாடகர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் கொஞ்ச நேரம் வந்து பாடிட்டுப் போறார், படத்துலயே எனக்கு மனசார சிரிப்பு வந்த எடம் அது, ஸ்ட்ரைசாண்டே அங்க நடிக்கிறத விட்டுட்டு சந்தோஷமா பாடுற மாதிரி இருக்கும். அதே பாட்ட அவர் ரெக்கார்டா போட்டு 1964 மே மாசம் பீட்டில்ஸ கீழ தள்ளி முதல் எடத்துக்கு வந்தாருங்கறது தனிக்கதை. படத்துக்கு 7 ஆஸ்கர் நாமினேஷன், 3 கெடச்சுது, ஆனா போட்ட காசு தியேட்டர்ல திரும்பல. அத்தனை கூட்டத்துக்கு நடுவுல டாலிய நான் தேட வேண்டியதாப் போச்சு. பொய் சொல்லல, ஊர்வலம் போகும்போது நான் எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சுட்டு வந்தேன், வந்தும் ஊர்வலம் போயிட்டிருந்துச்சு.

இதே கதை இதுக்கு முன்னாடியே பாட்டு இல்லாம வந்திருக்கு. தி மேட்ச்மேக்கர், 1958, கறுப்பு வெள்ளை. அடுத்த வாரம் அத போட்டேன், இந்தத் தடவை பொண்ணும் வீட்டுக்காரரும் வரவே இல்ல.

இதுல டாலி, ஷெர்லி பூத். 60ஐ நெருங்கிட்டிருந்த வயசு. 1952ல வந்த கம் பேக் லிட்டில் ஷீபாவுக்கு ஆஸ்கர் வாங்கினவங்க, ஆனா பாத்தா ஸ்டார்னு சொல்ல மாட்டோம், பக்கத்து வீட்டு அம்மா கதவத் தட்டி சக்கர கேக்க வந்த மாதிரி இருப்பாங்க, குரல் மட்டும் ஒரு சின்னப் பொண்ணு குரல் லேசா விரிஞ்ச மாதிரி. வேண்டர்கெல்டரா பால் ஃபோர்ட். கார்னீலியஸா ஆண்டனி பெர்க்கின்ஸ், ஆமா, ரெண்டு வருஷம் கழிச்சு சைக்கோல வந்த அதே ஆள் தான், இங்க பொண்ணு பக்கத்துல நின்னா கை எங்க வெக்கிறதுன்னு தெரியாம நெளியுறார், அத பாத்ததுக்கப்புறம் எனக்கு சைக்கோவே வேற மாதிரி ஞாபகம் வருது. ஐரீனா ஷெர்லி மெக்லைன், அவங்களுக்கு தி அபார்ட்மென்ட் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. பார்னபியா ராபர்ட் மோர்ஸ், மேட் மென் சீரியல்ல கால்ல செருப்பு இல்லாம நடக்குற அந்தப் பெரிய முதலாளி ஞாபகம் இருக்கா, அவரோட பொடியன் வயசு.

இந்தப் படத்துல ஒரு வேடிக்கை, ஆளுங்க அப்பப்ப கதைய நிறுத்திட்டு நம்மள பாத்து பேசுவாங்க. நாடகத்துல இருந்து அப்படியே எடுத்துக்கிட்டது. மத்தவங்க பேசும்போது அது நாடகமா தான் தெரியுது, கொஞ்சம் சலிப்பாவும் இருக்கு, ஆனா ஷெர்லி பூத் திரும்பி நம்மள பாக்கும்போது அந்தப் பக்கம் ஒருத்தன ஏமாத்திட்டு வந்து இந்தப் பக்கம் நம்மகிட்ட "பாத்தியா, எப்படி?"ன்னு கண்ணடிக்கிற மாதிரி இருக்கு. நம்மளையும் கூட்டு சேத்துக்குது அந்தம்மா. ஊர்வலம் இல்ல, பேண்டு இல்ல, மொத்தக் கதையும் நாலு ரூமுக்குள்ள ஓடுது, அதனால அவளோட பழைய கையுறையும், அடுத்தவன் செலவுல சாப்டறப்ப வர்ற ஒரு சின்ன நிம்மதியும் கண்ணுக்குத் தெரியுது. இந்த டாலிக்கு உண்மையிலேயே பசி. அம்மாவும் இந்தத் தடவை வயசப் பத்தி ஒண்ணும் கேக்கல.

படம் புடிச்சுப் போய், அதுக்கு மூலமான தார்ன்டன் வைல்டரோட நாடகத்தையே தேடிப் படிச்சேன், அங்க தான் எனக்கு இந்தக் கதையோட கதை தெரிஞ்சுது, அது இன்னும் சுவாரசியம். 1835ல ஜான் ஆக்ஸன்ஃபோர்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரர் ஒரு சின்ன நாடகம் எழுதுறார், அத வெச்சு 1842ல வியன்னால யோஹான் நெஸ்ட்ராய் பெருசா ஒண்ணு எழுதுறார். கடைக்காரப் பசங்க முதலாளி ஊர்ல இல்லாத நேரம் பாத்து ஊர் சுத்தப் போற கதை. அலமாரி, மேசைக்கடி, முதலாளிகிட்ட மாட்டிக்கப் போற பதட்டம் எல்லாம் அதோட சொத்து. ஆனா அந்தக் கதைல டாலி கெடையவே கெடையாது! வைல்டர் 1938ல அத அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தப்போ தான் டாலி உள்ள நுழையுறா, அதுவும் பாதி கடன் வாங்கின சரக்கு, மோலியேர் 1668ல எழுதின கஞ்சன் நாடகத்துல ஃப்ரோசீன்னு ஒரு தரகுக்காரி வருவா, இந்தப் பொண்ணு சாப்பிடவே மாட்டா, நகை கேக்க மாட்டா, அதுல மிச்சமாகுற காசெல்லாம் வரதட்சணைக் கணக்கு தானேன்னு கஞ்சன் தலைல மிளகா அரைப்பா. அவள எடுத்து, விதவையாக்கி, அயர்லாந்து ரத்தம் ஏத்தி வைல்டர் டாலியா அனுப்பிட்டார்.

அந்த 1938 நாடகத்துக்குப் பேரு யாங்கர்ஸ் வியாபாரி, அதாவது முதலாளி பேர்ல தான் கதை. மாக்ஸ் ரைன்ஹார்ட் மாதிரி ஒரு பெரிய டைரக்டர் போட்டும் பிராட்வேல 39 ஷோவோட படுத்துருச்சு. வைல்டர் விடல, அதையே கொஞ்சம் மாத்தி எழுதி தரகரம்மா பேர வெச்சு தி மேட்ச்மேக்கர்னு விட்டார், 1955ல பிராட்வேக்கு வந்து 486 ஷோ. 1964ல பாட்டு சேத்து அவ பேரையே தலைப்பா வெச்சாங்க, 2,844 ஷோ. பாருங்க, நூறு வருஷமா அவ இல்லாம ஓடிட்டிருந்த கதைல பின்வாசல் வழியா கடைசியா நுழைஞ்சு, மொதல்ல தலைப்புல தொழில போட்டு, அப்புறம் பேரையே போட வெச்சு, வீட்டையே எழுதி வாங்கிட்டா. வேண்டர்கெல்டருக்கு நடந்தது தான் அந்த நாடகத்துக்கும் நடந்திருக்கு.

எதுக்காக இவ்ளோ பாடுபடுறாங்கறது தான் எனக்குக் கேள்வி. காசு ஒரு காரணம், அத அவ மறைக்கவே இல்ல. செத்துப் போன புருஷன் எஃப்ரெய்ம் அடிக்கடி சொல்வானாம், பணம்ங்கறது எரு மாதிரி, பரப்பிப் போட்டாத்தான் புதுசா ஏதாவது வளரும்னு. வேண்டர்கெல்டர் எரு மூட்டை மேலயே உக்காந்திருக்கிற ஆளு. 1969 படத்துல கடைசில டாலி புருஷன்கிட்ட மனசுக்குள்ள ஒரு உத்தரவு கேட்டுட்டு காத்திட்டிருப்பா, அந்த நேரம் பாத்து வேண்டர்கெல்டர் தன் வாயால அதே எரு வாக்கியத்த சொல்லுவார், அவருக்கு அது யாரோட வார்த்தைன்னே தெரியாது. ஸ்ட்ரைசாண்ட் அப்படியே நின்னுடுவாங்க, அந்த ஒரு எடத்துல மட்டும் நான் வயச மறந்துட்டேன், அத ஒத்துக்கணும்.

ஆனா காச விட பெரிய காரணம் நாடகத்துல ஒரு பேச்சுல இருக்கு. டாலி செத்துப் போன புருஷன்கிட்ட பேசுறா, பாதி அவன்கிட்ட, பாதி நம்மகிட்ட. அவன் போனதுக்கப்புறம் எப்படி இருந்தேன்னு சொல்றா. சாயங்காலமானா பூனைய வெளிய விட்டுட்டு, கதவப் பூட்டிட்டு, சூடா ஒரு கிளாஸ் ரம் போட்டுக் குடிச்சுட்டு, யாரோட வாழ்க்கையும் என் வாழ்க்கையோட பின்னிக் கெடக்கல, அதுக்கு ஆண்டவனுக்கு நன்றின்னு ஒரு ஜெபம் சொல்லிட்டு, சர்ச்சுல பத்து மணி அடிக்கும்போது தூங்கிடுவாளாம். நிம்மதியா தான் இருந்தாளாம். ரெண்டு வருஷம் அப்படியே போச்சு. ஒரு நாள் ராத்திரி பைபிள்ல இருந்து ஒரு ஓக் இலை கீழ விழுது, புருஷன் கட்டிக்கிறியான்னு கேட்ட அன்னிக்கு உள்ள வெச்ச இலை. உடையல, கிழியல, ஆனா நெறமும் இல்ல உசுரும் இல்ல. அப்பத் தான் அவளுக்கு உறைக்குது, ரொம்ப நாளா தான் ஒரு சொட்டு அழுததும் இல்ல, ஏதோ ஒண்ணு நல்லபடியா நடக்கும்னு நம்பினதும் இல்லன்னு. அன்னிக்கு ராத்திரி தான் மறுபடியும் மனுஷங்களோட போய் சேந்துக்கிறதுன்னு முடிவு பண்றா.

இத படிச்சுட்டு அந்த கார்டுகள, பொய்கள, பீட்ரூட்ட எல்லாம் திரும்ப நெனச்சுப் பாத்தா, ஊர்ல இருக்கிற அத்தனை பேரு விவகாரத்துலயும் அவ ஏன் மூக்க நுழைக்கிறான்னு தெரியுது. 1958 படத்துல ஷெர்லி பூத் மூஞ்சில நான் பாத்தது இந்த இலையத் தான், அது என்னன்னு அப்போ எனக்கு பேரு தெரியல.

அம்மாகிட்ட இத சொல்லணும்னு தோணுச்சு. அன்னிக்கு ராத்திரி அவங்க படுக்கப் போறதுக்கு முன்னாடி உக்கார வெச்சு, முழுசா, புத்தகத்த கைல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னேன். ரம்ம மட்டும் சூடா பாலுன்னு மாத்திட்டேன், எதுக்கு வம்பு. கதவு பூட்டுற எடம் வந்தப்போ எனக்கே கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு, நிறுத்தவும் முடியல. இலை கீழ விழுந்தது, அழுகை வராதது, எல்லாம் சொல்லி முடிச்சேன். அம்மா கொஞ்ச நேரம் கால் விரல பாத்துட்டு உக்காந்திருந்தாங்க.

அப்புறம், "பூனையாவது இருந்துச்சு அவளுக்கு"ன்னாங்க. எந்திரிச்சுப் போய் வாசக்கதவு தாப்பாள ஒரு தடவை இழுத்துப் பாத்தாங்க.

பின்கதவு பக்கம் போகும்போது அங்க இருந்தே குரல் குடுத்தாங்க, "அந்த சாப்பாட்டு சீன நாளைக்கு ஒரு தடவ போடு. ரெண்டாவது படத்துல இல்ல, கலர் படத்துல."